காலாவதியும் காலியும்

1996 மே 11, சனிக்கிழமை. அட்லாண்டாவுக்குப் புறப்படவிருந்த வேல்யூஜெட் 592 விமானம் மியாமியில் நின்றிருந்தது. ஐந்து அட்டைப்பெட்டிகளும் மூன்று டயர்களும் அதற்கருகே வந்து இறங்கின. பெட்டிகளின் மேல் ‘விமான பாகங்கள்’ என்று எழுதியிருந்தது. கூட வந்த சீட்டில் ‘ஆக்சிஜன் குப்பிகள்’ என்றும், மேற்கோள் குறிக்குள் ‘காலி’ என்றும் இருந்தது. சரக்கு ஏற்றும் ஊழியர் கையெழுத்திட்டு வாங்கி, முன்பக்கச் சரக்கறையில் டயர்களின் மேலும் அருகிலுமாகப் பெட்டிகளை அடுக்கினார். ஒரு பெட்டிக்குள்ளிருந்து ‘கிளிங்’ என்று ஓசை கேட்டதாகப் பின்னாளில் விசாரணையில் சொன்னார். விமானம் மேலெழுந்து ஆறு நிமிடங்களில் விமானிகளுக்கு இனம் தெரியாத ஒரு சத்தம் கேட்டது. அடுத்த நான்கு நிமிடங்களுக்குள் பயணிகள் 105 பேரும் சிப்பந்திகள் ஐந்து பேருமாக 110 உயிர்களுடன் அது எவர்கிளேட்ஸ் சதுப்புநிலத்தில் விழுந்து சிதறியது. எவரும் பிழைக்கவில்லை.

இந்த விபத்தை ‘ஒரு குமாஸ்தா தவறாக எழுதிய சீட்டு’ என்று சுருக்கிச் சொல்வது வழக்கம். சீட்டு தவறுதான். ஆனால் அந்தத் தவறு எழுதும்போது நேர்ந்ததல்ல. பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்தவர்கள் ஓரிடத்தில் இருந்தார்கள், அதைக் காகிதத்தில் எழுதியவர் வேறோரிடத்தில் இருந்தார். இருவருக்கும் நடுவே ஒரு பள்ளம் விழுந்திருந்தது. பயணிகள் விமானத்தில் ஏறும் அபாயச் சரக்கின் ஆவணப் பிழைகளில் கவனிக்க வேண்டியது இந்தப் பள்ளத்தைத்தான். பேனாவைக் குற்றம் சொல்லிப் பயனில்லை.

விமானத்துக்குள் காற்றழுத்தம் குறைந்தால் பயணிகளின் தலைக்கு மேலிருந்து முகமூடிகள் விழும் அல்லவா, பலவகை விமானங்களில் அந்த முகமூடிக்குக் காற்று தருவது ஒரு வேதிக் குப்பி. முகமூடியை இழுத்தால் கயிறு ஓர் ஊசியை உருவும், சிறு சுத்தி ஒரு வெடிமுனையில் அடிக்கும், உள்ளே இருக்கும் சோடியம் குளோரேட் சூடேறி ஆக்சிஜனை விடும். சுமார் கால் மணி நேரத்துக்கு மூச்சுவிடலாம். அந்த நேரம் முழுக்கக் குப்பியின் மேற்புறம் கைவைக்க முடியாதபடி கொதிக்கும். இருக்க வேண்டிய இடத்தில், வெப்பத்தைத் தாங்கும் அமைப்புக்குள் இருந்தால் உயிர்காக்கும் பொருள். அட்டைப்பெட்டிக்குள், குமிழிப் பிளாஸ்டிக் தாளுக்கு நடுவில் இருந்தால் அது தீக்குச்சியும் ஊதுகுழலும் ஒன்றாகச் சேர்ந்த பொருள்.

வேல்யூஜெட் அப்போது பழைய எம்டி-80 விமானங்கள் மூன்றை வாங்கியிருந்தது. அவற்றைச் சீரமைக்கும் வேலை மியாமியிலிருந்த சேப்ர்டெக் என்ற ஒப்பந்த நிறுவனத்திடம் போயிற்று. இரண்டு விமானங்களில் இருந்த குப்பிகளில் பெரும்பாலானவை தங்கள் 12 ஆண்டு ஆயுளை எட்டிவிட்டிருந்தன அல்லது தாண்டிவிட்டிருந்தன. அவற்றைக் கழற்றிப் புதியவை பொருத்த வேண்டும். அதற்கான வேலை அட்டையில் தெளிவாகவே ஒரு வரி இருந்தது: பயன்படுத்தப்படாத குப்பியாக இருந்தால் வெடிமுனையின் மேல் பாதுகாப்பு மூடி போட வேண்டும். சின்னஞ்சிறு பிளாஸ்டிக் மூடி. அது பட்டறையில் இல்லை, யாரும் வாங்கி வைக்கவுமில்லை. சில குப்பிகளின் கயிற்றை வெட்டினார்கள், சிலவற்றில் கயிற்றைச் சுற்றிக் கட்டினார்கள். அந்த ஒரு வேலை அட்டையின் கீழ் 72 பேர் வரை மொத்தம் சுமார் 910 மணி நேரம் உழைத்ததாகக் கணக்கில் இருக்கிறது. மூடி போட்டாயிற்று என்று கையெழுத்தும் இருக்கிறது.

கழற்றிய குப்பிகளில் பச்சை நிறச் சீட்டு கட்டினார்கள். பச்சை என்றால் ‘பழுது பார்க்கத்தக்கது’, சிவப்பு என்றால் ‘கழிவு’. பச்சைச் சீட்டில் காரணம் எழுதும் இடத்தில் ‘காலாவதி’ என்ற பொருளில் எழுதினார்கள். பெட்டிகள் சில வாரங்கள் பட்டறையில் கிடந்தன. வேறொரு விமான நிறுவனத்தார் பார்வையிட வருகிறார்கள், இடத்தைச் சுத்தமாக வை என்று கிடங்கு ஊழியருக்கு உத்தரவு வந்தது. வாடிக்கையாளரின் பொருளை வாடிக்கையாளருக்கே அனுப்பிவிடலாம் என்று அவர் நினைத்தார். அப்படித்தான் சீட்டு தயாரானது. மெக்கானிக் எழுதிய ‘காலாவதி’, கிடங்கில் ‘காலி’ ஆயிற்று.

போன வருடத்துப் பட்டாசு இந்தத் தீபாவளிக்கும் வெடிக்கும் என்பது நம் வீட்டுக் குழந்தைகளுக்குக்கூடத் தெரியும். காலாவதி என்பது நம்பகத்தைப் பற்றிய சொல், காலி என்பது கொள்ளளவைப் பற்றிய சொல். ஆயுள் முடிந்த ஆக்சிஜன் குப்பி நிறைகுப்பிதான், சொன்ன நேரத்தில் சொன்னபடி வேலை செய்யும் என்ற உத்தரவாதம் மட்டுமே அதற்கு இல்லை. ஆனால் அந்தக் கிடங்கு ஊழியருக்கு அது என்ன குப்பி, எப்படி வேலை செய்வது என்று யாரும் சொல்லவில்லை. சாதாரண ஆக்சிஜன் சிலிண்டர் என்று நினைத்தால் ‘பயன்படாதது, ஆகவே காற்று தீர்ந்தது’ என்பது இயல்பான ஊகம். இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: உண்மையாகவே எரிந்து தீர்ந்த குப்பியிலும் பேரியம் கலந்த நச்சுக் கழிவு மிஞ்சும். ஆக, ‘காலி’ என்பது சரியாக இருந்திருந்தாலும் அந்தச் சீட்டு ஒரு கேள்வியை எழுப்பியிருக்க வேண்டும். வேல்யூஜெட்டுக்கு எந்த அபாயச் சரக்கையும் ஏற்றும் அனுமதி கிடையாது. ஏற்றுவதே இல்லை என்பதால்தான், எது அபாயச் சரக்கு என்று பார்த்தவுடன் கண்டுபிடிக்கும் பழக்கம் அங்கே இன்னும் கூர்மையாக இருந்திருக்க வேண்டும். நடந்தது நேர்மாறு.

இந்த ஆவணங்கள் எதற்காக என்பதைக் கொஞ்சம் விரித்துப் பார்க்கலாம். சரக்கு முனையங்களில் வேலை செய்பவர்கள் அபாயச் சரக்கை ‘டிஜி’ என்று சுருக்கிச் சொல்வார்கள். வெடிபொருள், வாயு, எரிதிரவம், நஞ்சு, கதிரியக்கப் பொருள், அரிபொருள் என்று உலகம் முழுவதும் ஒரே மாதிரி ஒன்பது வகுப்புகள். ஒவ்வொரு பொருளுக்கும் ஐக்கிய நாடுகள் அவை வகுத்த நான்கு இலக்க எண், அதற்கென்றே நிலைத்த பெயர், எப்படிக் கட்ட வேண்டும் என்ற விதி, பயணிகள் விமானத்தில் எவ்வளவு ஏற்றலாம் என்ற வரம்பு உண்டு. இவை அனைத்தையும் அனுப்புபவர் இரு ஓரத்திலும் சிவப்புக் கோடுகள் சாய்ந்தோடும் ஒரு படிவத்தில் எழுதிக் கையெழுத்திட வேண்டும். விமான நிறுவனத்தின் ஏற்பு ஊழியர் ஒரு சரிபார்ப்புப் பட்டியலை வைத்துக்கொண்டு காகிதத்தையும் பெட்டியையும் ஒப்பிடுவார், ஒரு கட்டம் பொருந்தாவிட்டாலும் சரக்கு திரும்பிப் போகும். தேறியது எந்தச் சரக்கறையில், எந்த இடத்தில், எவ்வளவு இருக்கிறது என்பது புறப்படுமுன் எழுத்தில் தலைமை விமானியின் கைக்குப் போகும். ‘நோட்டாக்’ என்பார்கள் அந்தத் தாளை.

இந்த ஏற்பாட்டில் ஒரு விசித்திரம் உண்டு. பெட்டியை மூடியவர் ஒருவர்தான் உள்ளே பார்த்தவர். அதன் பின் வரும் லாரிக்காரர், முகவர், ஏற்பு ஊழியர், சுமை ஏற்றுபவர், விமானி ஆகிய எவரும் பெட்டியைத் திறப்பதில்லை, திறக்கவும் கூடாது. அவர்களுக்கெல்லாம் பெட்டி என்பது காகிதம்தான். கோர்ட்டில் நேரில் கண்ட சாட்சி ஒருவர்தான் இருக்கிறார், மற்றவர்கள் அவர் சொன்னதைக் கேட்டவர்கள் என்றால் வழக்கு எப்படியோ, அப்படித்தான் இதுவும். படிவத்தில் திருத்தம் செய்தால் முதலில் கையெழுத்திட்டவரே அதே கையெழுத்தைத் திருத்தத்தின் அருகிலும் போட வேண்டும் என்று விதி இருப்பதன் காரணமும் இதுவே. சாட்சியத்தை இன்னொருவர் திருத்தக்கூடாது. மியாமியில் கண்ட சாட்சிகள் மெக்கானிக்குகள், வாக்குமூலம் எழுதியவர் கிடங்கு ஊழியர். காணாதவர் எழுதிய வாக்குமூலம் ஒவ்வொரு கையாக மாறி விமானத்துக்குள் போயிற்று.

விமானிக்கு அந்தத் தாள் எவ்வளவு முக்கியம் என்பதற்கு எட்டு ஆண்டு முந்தைய சம்பவம் ஒன்று இருக்கிறது. 1988 பிப்ரவரி 3 அன்று அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 132 நாஷ்வில்லில் இறங்க வந்துகொண்டிருந்தபோது பயணிகள் அறையில் புகை வந்தது, தரை சூடாகி மிருதுவானது. துணித் தொழிலுக்கான வேதிப்பொருள்களை, ஹைட்ரஜன் பெராக்சைடு கரைசலும் ஒரு காரக் கலவையுமாக, ஒரே நார் டிரம்முக்குள் வைத்து, அபாயச் சரக்கு என்று அறிவிக்காமல் யாரோ அனுப்பியிருந்தார்கள். பணிப்பெண்கள் சொன்னபோது தலைமை விமானி முதலில் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, அதே விமானத்தில் முன்பு வந்த புகைநாற்றத்துக்கு வேறு காரணம் இருந்தது. அவர் அலட்சியக்காரர் என்று சொல்லிவிட முடியாது. கீழே ஆக்சிஜனேற்றி இருக்கிறது என்று ஒரு தாள் அவர் கையில் இருந்திருந்தால் சூடான தரைக்கு ஒரே பொருள்தான் இருந்திருக்கும். அந்த விமானம் தப்பித்தது, எல்லோரும் உயிரோடு இறங்கினார்கள். தப்பித்ததனாலேயே அந்தப் பாடத்துக்கு உரிய விலை கிடைக்கவில்லை என்பது என் கருத்து.

இங்கே வலுவான ஒரு மறுப்பு எழும். காகிதத்தைப் பிடித்துக்கொண்டு தொங்குவானேன், சரக்கறையில் புகை உணர்வியும் தீயணைப்புக் கருவியும் இருந்திருந்தால் சீட்டில் என்ன எழுதியிருந்தால் என்ன என்று கேட்கலாம். அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியமே 1997 ஆகஸ்ட் அறிக்கையில் மூன்று காரணங்களைச் சொன்னது: குப்பிகளைச் சரியாகத் தயார்செய்து, கட்டி, அடையாளப்படுத்தி ஒப்படைக்காத சேப்ர்டெக், ஒப்பந்தக்காரரைக் கண்காணிக்காத வேல்யூஜெட், ‘டி’ வகைச் சரக்கறைகளில் புகை உணர்வியும் தீயடக்கும் அமைப்பும் கட்டாயம் என்று சொல்லாத கூட்டாட்சி விமானப் போக்குவரத்து நிர்வாகம். நாஷ்வில் சம்பவத்துக்குப் பின் வாரியம் அதைக் கேட்டிருந்தது, செலவைக் காட்டி நிர்வாகம் மறுத்திருந்தது. எனவே இந்த மறுப்பில் பாதி நியாயம் இருக்கிறது. மீதிப் பாதியைப் பாருங்கள். ‘டி’ வகைச் சரக்கறை காற்றுப் புகாமல் அடைக்கப்பட்டது, தீப்பிடித்தால் ஆக்சிஜன் தீர்ந்து தானாக அணையும் என்பது அதன் வடிவமைப்பின் கணக்கு. அதற்குள் ஆக்சிஜன் தயாரிக்கும் பொருளையே வைத்தால் கணக்கு என்ன ஆகும்? இத்தகைய குப்பிகளையும் டயரையும் வைத்துப் பின்னர் நடத்திய தீச்சோதனையில் பன்னிரண்டு நிமிடத்துக்குள் வெப்பம் 3,000 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டியது. எந்தச் சரக்கறையின் பாதுகாப்பும் ‘உள்ளே இன்ன வகைப் பொருள் இராது’ என்ற அனுமானத்தின் மேல்தான் நிற்கிறது, அந்த அனுமானத்தைத் தருவது காகிதம். 1998இல் விதி வந்தது, 2001 மார்ச்சுக்குள் அமெரிக்கப் பயணிகள் விமானங்களின் அத்தகைய சரக்கறைகளில் கருவிகள் பொருத்தப்பட்டன. நல்ல காரியம். ஆனாலும் ஆக்சிஜன் குப்பிகளைப் பயணிகள் விமானத்தில் சரக்காக ஏற்றுவதற்கான தடையை யாரும் தளர்த்தவில்லை.

இன்னொரு மறுப்பு சரக்கு முகவர்களிடமிருந்தே வரும். திருப்பி அனுப்பப்படும் படிவங்களில் இருப்பவை அற்பப் பிழைகள், ஓர் எண் மாறிப்போனது, பெட்டிகளின் எண்ணிக்கை விட்டுப்போனது, இதற்கெல்லாம் ஒரு நாள் தாமதமா என்பார்கள். அலுப்பு புரிகிறது. ஆனால் எண் 3480 என்றால் தனியாக அனுப்பப்படும் லித்தியம் அயான் பேட்டரி, 3481 என்றால் கருவியோடு சேர்த்து அனுப்பப்படுவது. முதலாவது 2016 ஏப்ரல் 1 முதல் பயணிகள் விமானத்தின் சரக்கறையில் ஏறவே கூடாது, இரண்டாவது வரம்புக்குட்பட்டு ஏறலாம். நம் காலுக்குக் கீழே அது இருக்குமா இராதா என்பதைக் கடைசி இலக்கம் முடிவு செய்கிறது. அதைவிட முக்கியமானது, அற்பப் பிழை ஓர் அறிகுறி. பெட்டியைப் பார்த்து எழுதியவர் எண்ணிக்கையை மறக்கமாட்டார், போன மாதப் படிவத்தை நகலெடுத்துத் தேதி மாற்றியவர் மறப்பார். ஏற்பு ஊழியர் கட்டம் கட்டமாகச் சோதிக்கும்போது எண்ணை மட்டும் சோதிப்பதில்லை, எழுதியவர் கண்டவரா என்பதையும் சோதிக்கிறார். அவருடைய பிடிவாதத்துக்கு நான் கட்சி.

சரி, பொய் சொல்பவனைக் காகிதம் என்ன செய்யும்? 2000 மார்ச்சில் பெய்ஜிங்கிலிருந்து கோலாலம்பூர் வந்த மலேசியா ஏர்லைன்ஸ் ஏ330 பயணிகள் விமானத்தில் 80 டிரம்கள் இருந்தன. ஆவணத்தில் 8-ஹைட்ராக்சிகுயினோலின், அதாவது ஒரு தூள். உள்ளே இருந்ததோ ஆக்சாலைல் குளோரைடு என்ற திரவம். ஈரம் பட்டால் ஹைட்ரஜன் குளோரைடும் கார்பன் மோனாக்சைடும் கக்கும், உலோகத்தை அரிக்கும். கோலாலம்பூரில் சரக்கை இறக்கிய தொழிலாளர்கள் மயங்கினார்கள். கசிந்த திரவம் விமானத்தின் உடலை அரித்திருந்தது. சீரமைக்க முடியாது என்று ஐந்து வயதே ஆன அந்த விமானத்தைக் கழித்துவிட்டார்கள். அந்த டிரம்கள் அங்கிருந்து மாற்றி ஏற்றப்பட்டுச் சென்னைக்கு வரவிருந்தவை. இங்கே காகிதம் தோற்றது உண்மை. ஆனால் முழுமையாகத் தோற்கவில்லை: 2007 டிசம்பரில் பெய்ஜிங் நீதிமன்றம் அனுப்பிய சீன நிறுவனத்தை 6.5 கோடி டாலர் இழப்பீடு தரச் சொன்னது. பொய்யைத் தடுக்காவிட்டாலும் அதற்கு உரிமையாளர் யார் என்று காட்ட ஆவணம் உதவியது. மியாமியின் கதை அப்படியல்ல. பெட்டியை ஏமாற்றி அனுப்பி யாரும் லாபம் பார்க்கவில்லை, உடையவருக்கே திருப்பிக் கொடுத்தார்கள். மூடி போட்டதாக விழுந்த கையெழுத்தும் பார்க்காமல் போடும் பழக்கத்தின் கையெழுத்து. பொய்யனுக்குத் தண்டனை மருந்தாகலாம். தெரியாமல் எழுதுபவரைத் தண்டனை எட்டாது, தான் தவறு செய்கிறோம் என்பதே அவருக்குத் தெரியாது.

ஸ்கேனர் பார்த்துக்கொள்ளும், இனி எல்லாம் கணினிப் படிவம் என்போர்க்குப் பதில் சுருக்கமானது. எக்ஸ்ரே உருவத்தையும் அடர்த்தியையும் காட்டும், அது வெடிகுண்டைத் தேட வைத்த கண். ஒரு டிரம்மில் உள்ள திரவத்தின் பெயரை அது வாசிக்காது. கணினிப் படிவம் எண்ணும் பெயரும் பொருந்தாவிட்டால் உடனே சொல்லும், அது பெரிய உதவி. ஆனால் ‘விமான பாகங்கள்’ என்று தட்டச்சு செய்தவரை அது எந்தக் கேள்வியும் கேட்காது, டிஜி படிவத்தின் பக்கமே அவர் போகமாட்டார். மியாமியில் தப்பாக நிரப்பப்பட்ட டிஜி படிவம் என்று ஒன்று இல்லவே இல்லை, அப்படி ஒரு படிவம் தேவை என்று தோன்றாததுதான் அங்கே பிழை.

இதற்கு விதிப்புத்தகங்கள் கண்டுபிடித்த வழி எனக்குப் பிடித்திருக்கிறது. பொதுப்பெயருக்குள் ஒளியும் அபாயங்கள் என்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறார்கள். வீட்டுச் சாமான் என்றால் பெயின்டும் வார்னிஷும் இருக்கலாம், உறைந்த உணவு என்றால் உலர்பனிக்கட்டி இருக்கலாம், முகாம் சாமான் என்றால் அடுப்பு எரிவாயு, ஆய்வகச் சாமான் என்றால் அமிலம். விமான உதிரிபாகமும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. ஐந்து பெட்டிகளின் மேல் அன்று எழுதியிருந்த அதே சொல் இன்று ஏற்பு ஊழியரை நிறுத்திக் கேள்வி கேட்க வைக்கும் சொல். வேதி ஆக்சிஜன் குப்பிக்கு 3356 என்று தனி எண்ணும் வந்துவிட்டது. இணையக் கடையில் வாசனைத் திரவியமும் பவர் பேங்க்கும் விற்கும் சிறுவணிகர் இன்று மெக்கானிக்கும் கிடங்கு ஊழியரும் ஒன்றாகச் சேர்ந்த ஆள். ‘அழகுசாதனம்’, ‘பரிசுப்பொருள்’ என்று அவர் எழுதும் சொல்லைக் கடைசியில் வாசிப்பவர் ஒரு விமானி. அந்த வணிகரிடம் தடித்த விதிநூலை நீட்டிப் பயனில்லை. உங்கள் பொருளில் பேட்டரி, திரவம், அழுத்தவாயு உண்டா என்று அவர் மொழியில் மூன்று கேள்வி கேட்டால், பள்ளத்தின் பெரும்பகுதி தூர்ந்துவிடும்.

லட்சக்கணக்கான சிப்பங்கள் ஒழுங்காகப் போய்ச் சேர்கின்றனவே, இரண்டு மூன்று விபத்தை வைத்துப் பயமுறுத்தலாமா என்று கேட்பவர்களுக்கு: பயணிகள் விமானத்தில் சரக்கு ஏற்றுவதை நிறுத்தச் சொல்லவில்லை. மருந்தும் கதிரியக்க நோயறி பொருள்களும் அப்படித்தான் வேகமாக வந்து சேர்கின்றன, முறையாக அறிவித்துக் கட்டிய அபாயச் சரக்கு ஊரறிந்த விருந்தாளி. சிக்கல் அறிவிக்காமல் வருவதில்தான்.

சேப்ர்டெக் மீது நடந்த கூட்டாட்சி வழக்கில் 1999இல் நடுவர் குழு ஒன்பது குற்றச்சாட்டுகளில் அந்த நிறுவனத்தைக் குற்றவாளி என்றது, தனிநபர்களான ஊழியர்களை விடுவித்தது. அபராதமும் இழப்பீடுமாக ஒரு கோடி டாலருக்கு மேல் விதிக்கப்பட்டது. 2001இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த ஒன்பதில் எட்டைத் தள்ளுபடி செய்தது. நிலைத்தது ஒன்றே ஒன்று: அபாயச் சரக்கை அடையாளம் காணத் தன் ஊழியர்களுக்குப் பயிற்சி தரவில்லை என்பது. அதற்கு அபராதம் ஐந்து லட்சம் டாலர்.